நிறமிழந்த கத்தாழை

எழுபது சதவீத ஆல்கஹாலில் பல்லாண்டுகளாக மிதக்கும் கத்தாழை மீனொன்றைச் சீசாவிலிருந்து இடுக்கியால் எடுத்துத் தட்டில் கிடத்தி, பக்கக்கோட்டுச் செதில்களை ஊசிமுனையால் ஒவ்வொன்றாய் எண்ணி, மூன்று நாள் சிரத்தையோடு நான் தீட்டிய வர்ணச் சித்திரத்தை, இன்று காலை காசிமேட்டில் மீன் விற்கும் அக்காவிடம் சற்றே கர்வத்துடன் நீட்டினேன்.

“இன்னா தம்பி, கருவாடு வரஞ்சிக்கீறியா?”ன்னுட்டாங்க.

ஆல்கஹாலில் நிறம் போய்விடும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். சீசாவுக்குள் இடும் சீட்டைக்கூடப் பென்சிலால்தான் எழுதுவேன், சாதாரண மை கரைந்துவிடுமே என்று. மீனின் விஷயத்தில் மட்டும் அந்த ஞானம் எங்கே போச்சோ!

தரங்கம்பாடியிலிருந்து பாதிரியார் ஜான் அனுப்பிய மீன்களைப் பெர்லினில் இருந்தவாறே ஆராய்ந்து, 1793இல் இந்தக் கத்தாழைப் பேரினத்துக்கு அவர் பெயராலேயே ‘ஜானியஸ்’ என்று நாமகரணம் செய்த ப்ளாக் என்ற வைத்தியருக்காவது, கடல் வெகுதூரம் என்று சொல்லிக்கொள்ள ஒரு நியாயம் இருந்தது.

எனக்குக் காசிமேடு ஒரே பஸ்.

இப்போ அந்தப் படத்துக்கு வெள்ளிப் பளபளப்பை ஏற்றுவதா, சீசாவில் உள்ளபடியே விட்டுவிடுவதா? சொல்லுங்களேன்.