மயிலூர்திப் பொற்காசு

உலகியலிற் பொன் பல்லாற்றாற் பயன்படுவது. அணியாகப் பூணப்படுதலும், காசாக வழங்கப்படுதலும், ஒரு நிகழ்ச்சியை மறவாமைப் பொருட்டு முத்திரையிட்டு வைக்கப்படுதலும் அப்பயன்களுட் சிலவாம். இவற்றுள் இறுதியிற் கூறிய நினைவுக்காசு ஆராய்ந்து நோக்கத்தக்கது. என்னை? அதனை வெளியிட்டோன் தன் வாழ்நாளில் எதனைப் பெரிதென மதித்தானென்பதனை அது பன்னூறாண்டு கழிந்த பின்னரும் காட்டி நிற்றலின். அத்தகைய காசுகளுள், வடநாட்டுக் குப்தர் மரபினனாகிய முதற் குமாரகுப்தன் வெளியிட்ட பொற்காசுகள் இரண்டு சைவ நன்மக்களாற் சிந்திக்கற்பாலன.

இவ்வேந்தன் ஏறக்குறையக் கி. பி. 415 முதல் 455 வரை அரசு செலுத்தினான். தன் பாட்டனாகிய சமுத்திரகுப்தனைப் போலவே இவனும் பரிவேள்வி செய்து, அதன் நினைவாகப் பொற்காசு வெளியிட்டனன். அதன் ஒருபுறத்தில் வேள்வித்தூணின்முன் குதிரை நிற்கின்றது. மறுபுறத்திற் கவரி தாங்கிய அரசி நிற்கின்றாள். பிற வேந்தர் அனைவரும் தனக்கு அடங்கினர் என்னும் வெற்றியை அறிவிப்பது பரிவேள்வி. ஆகலின் இக்காசு அரசன் தன் பெருமையைத் தானே நினைந்து வெளியிட்ட காசாம்.

மற்றொன்று கார்த்திகேயக் காசு எனப் பெயர் பெறுவது. அதன் ஒருபுறத்தில் அரசன் நின்று பழக்கொத்தொன்றைக் கையிலேந்தி மயிலுக்கு ஊட்டுகின்றான். மறுபுறத்திற் குமாரக்கடவுள் வேலேந்தி மயின்மேல் எழுந்தருளியிருக்கின்றார். பக்கத்தில் 'மகேந்திரகுமாரன்' என்னும் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. தன் பெயருக்குரிய தெய்வத்தை அரசன் நினைந்து வெளியிட்டது இஃதென்பது வெளிப்படை. தன் மகனுக்கும் அவன் கந்தகுப்தன் என்றே பெயரிட்டனன்.

இவ்வரசனுடைய ஏனைப் பொற்காசுகளை இதனோடு ஒப்பிட்டு நோக்குக. ஒன்றில் அவன் வில்லேந்தி நிற்கின்றான்; ஒன்றிற் குதிரை ஊர்கின்றான்; ஒன்றிற் சிங்கத்தை எய்கின்றான்; ஒன்றிற் புலியையும், வேறொன்றிற் காண்டாமிருகத்தையும் கொல்கின்றான். அங்ஙனம் விலங்குகளைக் கொன்ற கையே ஈண்டு ஒரு பறவைக்கு உணவூட்டுகின்றது. அப்பறவைதானும் இறைவனுடைய ஊர்தி. இறைவனை அடைய விழைந்தோன் முதற்கண் அவனைத் தாங்குவதற்குத் தொண்டு செய்தல் அடியார் நெறியாம். திருக்கோயிலில் இடபத்தை வணங்கிய பின்னரே உட்புகும் வழக்கமுடைய சைவர்க்கு இதன் நயம் விரித்துரைக்க வேண்டுவதின்று.

இதுகொண்டு இவ்வேந்தனைச் சைவனென்று உரிமை பாராட்டுதல் முறையோவெனின், அன்று. தன் வெள்ளிக் காசுகளில் அவன் தன்னைப் 'பரமபாகவதன்' என்றே கூறிக்கொண்டான். அவன் குலத்தார் கொண்ட குறியும் கருடனே. ஆயினும் நடுநாட்டில் வழங்கிய வெள்ளிக்காசுகளிற் கருடனுக்கு ஈடாகத் தோகை விரித்த மயிலைப் பொறிக்கச் செய்தனன். அவன் ஆட்சியின் தொடக்கத்தில், குப்த ஆண்டு 96 இல், அஃதாவது கி. பி. 415–16 இல், பில்சட் என்னும் ஊரிலிருந்த சுவாமி மகாசேனர் திருக்கோயிலில் ஒருவர் வாயிலும் அறச்சாலையும் அமைத்தமையைக் கல்வெட்டுக் கூறுகின்றது. மகாசேனராவார் முருகப்பெருமானே. அவன் அமைச்சனும் படைத்தலைவனுமாயிருந்த பிருதிவீசேனன் கி. பி. 436 இற் சிவவழிபாட்டிற்குச் செய்த அறம், கரம்தண்டா என்னுமூரிற் கிடைத்த சிவலிங்கத்தின் அடியிற் பொறிக்கப்பட்டுள்ளது. அரசன் ஒரு சமயத்தைத் தழுவியும் பிற சமயத்தார் அறத்திற்கு இடந்தந்தமை இவற்றாற் புலனாம்.

இனி, காசின் இருபுறத்தையும் ஒருங்கு நோக்கின், ஒருபுறத்திற் பசுவாகிய அரசனும் மறுபுறத்திற் பதியாகிய இறைவனும் உளர். இருபுறத்திற்கும் பொதுவாய் நிற்பது மயிலொன்றே. சூரபன்மனே வேலாற் பிளவுண்டு மயிலும் சேவலுமாயினன் என்பது கச்சியப்ப சிவாசாரியர் அருளிய கந்தபுராணத்தாற் பெறப்படும். 'யான், எனது' என்று செருக்கிய உயிர், ஞானசத்தியாகிய வேல் தீண்டியபின் அழிந்தொழியாது, இறைவனைத் தாங்கும் பேறு பெற்றதென்பது அதன் உட்கருத்து. இஃது அக்காசு வெளியிட்டோர் உள்ளத்து இருந்ததென்று கூறுதல் பொருந்தாது. அந்நூல் காலத்தாற் பிந்தியதாகலின். எனினும், பரிவேள்விக் காசில் வெற்றி கூறிநின்ற அரசன் மயிற்காசிற் பணி செய்து நிற்றலைக் காணுங்கால், சித்தாந்தம் உணர்ந்தோர்க்கு இப்பொருள் தானே தோன்றும்.

அக்காலத்து ஒரு பொற்காசின் ஆற்றல் எத்துணைத்து? அதன் நிறை ஏறக்குறைய 8 கிராம். உரோமர் நாணயப் பெயரின் வழியாகத் தீநாரம் என வழங்கப்பட்டது. கி. பி. 450–51 க்குரிய சாஞ்சிக் கல்வெட்டொன்று, பௌத்த சமயத்துப் பெண்மணி ஒருவர் செய்த அறத்தைக் கூறுகின்றது. அவர் பன்னிரண்டு தீநாரங்களை முதலாக வைத்து, அதன் வட்டியால் நாடோறும் துறவி ஒருவர்க்கு உணவளிக்க ஏற்பாடு செய்தார். மேலும் மூன்று தீநாரங்களின் வட்டியால் நாடோறும் மூன்று விளக்குக்களும், ஒரு தீநாரத்தின் வட்டியால் ஒரு விளக்கும் ஏற்றுமாறு வகுத்தார். ஆகவே ஒரு பொற்காசு ஒரு விளக்கை நாடோறும் எரிப்பதற்கும், பன்னிரண்டு காசுகள் ஒருவர் பசியை நாடோறும் தணிப்பதற்கும் போதியவாயின. சமயம் வேறாயினும் இவ்வறம் போற்றத்தக்கதே.

இதற்கு மறுதலையாயதோர் நிகழ்ச்சியும் உண்டு. 1946 ஆம் ஆண்டிற் பரதபுரி நாட்டுப் பயானாவை அடுத்து நிலத்துட் புதைந்திருந்த கலமொன்று வெளிப்பட்டது. அதனுள் நிறையக் குப்தர் பொற்காசுகள் இருந்தன. உருக்கப்பட்டொழிந்தன நீங்க எஞ்சியவை 1821. அவற்றுட் குமாரகுப்தன் காசுகள் 628; கந்தகுப்தன் காசு ஒன்றே. ஆதலின் கந்தகுப்தன் அரசெய்திய அணிமையில் அவை புதைக்கப்பட்டனவென்பது அறிஞர் துணிபு. அனந்த சதாசிவ அல்டேகர் அவற்றை ஆராய்ந்து 1954 இல் நூலாக வெளியிட்டமையால் வரலாறு விளக்கமுற்றது. எனினும், புதைத்தவர் அவற்றைத் துய்த்திலர், பிறர்க்கு ஈந்திலர். பதினைந்து நூற்றாண்டு அப்பொன் ஒரு விளக்கையும் ஏற்றிலது. ஒரு பசியையும் தணித்திலது. சாஞ்சிப் பெண்மணியார் கொடுத்த காசு போல்வனவும் மண்ணுட் புதைத்தவர் காசும் ஒரே காலத்தன. அவை பெற்ற பயனோ பெரிதும் வேறு.

இக்காலத்தும் தெய்வத்திருவுருவம் பொறித்த பொற்காசுகள் விழாக்கள்தோறும் விற்கப்படுகின்றன. அன்பர் பலர் அவற்றை வாங்கிப் பெட்டகத்துட் பூட்டி வைக்கின்றனர். திருவுருவை மதித்து வைத்தல் குற்றமன்று. அவ்வளவில் அமைதலே குறை. மயிற்காசிற் பொறித்த திருவுருவின் மறுபுறம் வெறுமையாய் விடப்படவில்லை. ஆண்டு ஒரு கை உணவு நீட்டிக்கொண்டிருக்கின்றது. இறைவன் திருவுருவைப் பொன்னிற் பெற்றவர், அதன் மறுபுறத்தைத் தம் கையால் நிரப்புதல் வேண்டும். நாடோறும் ஒரு திருவிளக்கு, ஓர் அடியார்க்கு அமுது, ஓருயிர்க்கு ஒருபிடி உணவு என இவற்றுள் இயன்றதொன்றனை மேற்கொள்ளுதலே அந்நினைவுக்காசை உண்மையில் உடையராதலாம்.

திருச்சிற்றம்பலம்.