தேதி போட்ட நோட்டு

என் வக்கீல் அலுவலகம் அப்போது கீரனூரில் ஓர் உரக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது. மொத்தம் பதினான்கு படி. குளத்தூர் பக்கத்திலிருந்து வந்த அந்த மனிதர் ஆறாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மேலே ஏறி வந்து என்னிடம் பேசியது அவர் மனைவிதான். "எங்க வீட்டுக்காரரு கீழ உக்காந்திருக்காருங்கய்யா. மூச்சு இழுக்குது. ஏற முடியல" என்றார்.

நோய்க்காக அவர்கள் என்னிடம் வரவில்லை. கிரஷர் மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணத்தில் 38,000 ரூபாய் பாக்கி இருந்தது. வேலைக்கும் வரவில்லை, பணமும் தரவில்லை என்று மேஸ்திரி வாசலில் நின்று சத்தம் போட்டிருக்கிறார், போலீசில் எழுதிக் கொடுப்பேன் என்றும் மிரட்டியிருக்கிறார். நான் படியில் இறங்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாற்பத்தைந்து வயது என்றார். பார்க்க அறுபது போலிருந்தார். ஒரு வாக்கியத்தை முடிக்க இரண்டு முறை மூச்சு வாங்கினார். "டி.பி.ங்கய்யா. மாத்திரை சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

முன்பணத்தைக் காட்டி ஓர் ஆளை வேலையில் கட்டிப்போடுவது 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி கொத்தடிமை முறை, அதற்காக யாரும் உங்களை ஸ்டேஷனுக்கு இழுக்க முடியாது என்று தைரியம் சொல்லி அனுப்பினேன். மேஸ்திரிக்கு ஒரு நோட்டீஸ் விட்டேன். அவரும் ஒரு வக்கீலை வைத்துப் பதில் நோட்டீஸ் அனுப்பினார். கோப்பைக் கட்டி வைத்துவிட்டேன். அந்த மனிதரிடம் என்ன வேலை பார்த்தீர்கள், எத்தனை வருஷம் பார்த்தீர்கள் என்று நான் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் அவர் உயிரோடு இருக்கும்போதே மனுப் போட்டிருக்கலாம். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இது என் மனதில் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

நான்கு மாதத்தில் அவர் போய்விட்டார். அந்த அம்மா மறுபடி படியேறி வந்தபோது கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை இருந்தது. அதற்குள் ஏழு எக்ஸ்ரே படங்களும், இரண்டு முறை டி.பி.க்கு மருந்து கொடுத்த அட்டைகளும் இருந்தன. சளிப் பரிசோதனைச் சீட்டுகளையும் ஒன்றுவிடாமல் வைத்திருந்தார். எல்லாவற்றிலும் 'கிருமி இல்லை' என்றே இருந்தது. கிருமி இல்லாத டி.பி.யும் உண்டுதான். ஆனால் இரண்டு முறை முழு மருந்தும் சாப்பிட்டுக் கொஞ்சமும் தேறாத ஒருவரிடம், ஐந்து வருஷத்தில் எந்த ஆஸ்பத்திரியிலும் யாரும் அவருடைய தொழிலைக் கேட்டதாகச் சீட்டுகளில் ஓர் எழுத்துகூட இல்லை.

படங்களை நெஞ்சக நோய் மருத்துவர் ஒருவரிடம் எடுத்துப் போனேன். ஒவ்வொன்றாக வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். மூன்றாவது படத்திலேயே, "கல் வேலை செய்தவரா?" என்று கேட்டார். நுரையீரலின் மேல்பகுதியில் கேழ்வரகைத் தூவியதுபோலச் சிறு புள்ளிகள் இருந்தன. நடுவில் உள்ள நிணநீர்க் கட்டிகளைச் சுற்றி முட்டையோடு மாதிரி சுண்ணாம்பு படிந்திருந்தது. சிலிக்கோசிஸ்.

எங்கள் பக்கம் பாறைக்குப் பஞ்சமில்லை. நார்த்தாமலையும் குன்னாண்டார்கோயிலும் குடுமியான்மலையும் கல்லுக்குப் பேர்போன ஊர்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்கே இங்கிருந்துதான் கல் போனது என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்தக் கருங்கல்லில் கால் பங்கோ அதற்கு மேலோ குவார்ட்ஸ் இருக்கும். துளை போடும்போதும் ஜல்லியாக உடைக்கும்போதும் பறக்கிற வெள்ளைப் புகையில் கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத தூசிதான் நுரையீரலின் அடிவரை போய் அங்கேயே தங்குகிறது. தங்கிய இடம் தழும்பாகிறது. வேலையை விட்ட பிறகும் தழும்பு வளர்வது நிற்பதில்லை. இதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. டி.பி. தொற்றுவதும் இப்படிப்பட்டவர்களுக்குத்தான் எளிது.

இந்த நோய் நமக்குப் புதிதல்ல. இந்தியாவில் முதன்முதலில் அது பதிவானது கோலார் தங்கவயலில், 1934இல். 1940களில் அங்கே 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்ததில் 3,402 பேருக்கு நோய் இருந்தது. அந்தச் சுரங்கங்களுக்குள் இறங்கியவர்களில் பெரும்பகுதி வடாற்காட்டிலிருந்து போன தமிழர்கள். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, 'சி' பகுதியில் சிலிக்கோசிஸ் பெயர் சொல்லியே இருக்கிறது. விபத்தில் கை போனால் என்ன உரிமையோ அதே உரிமை இந்த நோய்க்கும் உண்டு. அப்படியானால் எனக்கு என்ன கஷ்டம்?

அவர் வேலை பார்த்தார் என்பதற்கே ஆதாரம் இல்லை. அதுதான் கஷ்டம். பத்தொன்பது வருஷத்தில் இரண்டு குவாரி, கடைசியில் ஒரு கிரஷர். எந்தப் பதிவேட்டிலும் அவர் பெயர் இல்லை. சம்பளச் சீட்டோ பி.எஃப். எண்ணோ கிடையாது. சுரங்கச் சட்டத்தின் கீழ் வரும் குவாரியில் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை நடத்த வேண்டும் என்று விதி இருந்தது. ஒருமுறைகூட நடந்ததில்லை. திருச்சியில் இழப்பீட்டு ஆணையர் முன்னால் மூன்று முதலாளிகளும் தாக்கல் செய்த எதிர்மனுவில் முதல் பாரா ஒன்றேதான்: 'இந்தப் பெயருடைய ஆள் எங்களிடம் வேலை செய்ததில்லை.'

அந்த அம்மாவிடம் கேட்டேன், "ஏதாவது காகிதம் இருக்காம்மா? ஒரு துண்டுச் சீட்டாவது?"

"காயிதம் எதுவும் தரமாட்டாகய்யா. நான் எழுதி வச்ச நோட்டுதான் இருக்கு."

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது அந்த அம்மாவுக்குப் பத்தொன்பது வயது. ராத்திரி வகுப்பில்தான் எழுத்துக் கற்றார். சைக்கிள் ஓட்டவும் அப்போதுதான் கற்றார். அந்தக் காலத்தில் இந்த மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறியதை நேரில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கல்லுடைக்கும் பெண்களின் குழுக்களுக்கே குவாரிகளைக் குத்தகைக்குக் கொடுத்துப் பார்த்த காலமும் அதுதான். எழுதப் படித்த பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று அறிவொளித் தொண்டர் சொன்னதால், கல்யாணமானது முதல் சனிக்கிழமைதோறும் வீட்டுக் கணக்கை எழுதி வந்திருக்கிறார். மொத்தம் பதினொரு நோட்டு. ஒவ்வொரு வாரத்துக்கும் தேதி, எத்தனை அடி துளை போட்டது, கூலி எவ்வளவு, முன்பணத்துக்குப் பிடித்தது எவ்வளவு என்று இருந்தது. 'மழை வேலை இல்லை.' 'கம்பரசர் ரிப்பேர்.' கடைசி இரண்டு நோட்டுகளில் 'இருமல் 3 நாள் போகலை', 'மூச்சு, பாதி நாள்' என்று வரிகள் கூடிக்கொண்டே வந்தன. கணவரின் உடம்பு எப்படி இறங்கியது என்று வாரக் கணக்கில் அந்தச் சனிக்கிழமைகள் சொல்லின. எந்த மருத்துவ அறிக்கையிலும் நான் அப்படி வாசித்ததில்லை.

எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில், இது வழக்குக்காக ராத்திரியோடு ராத்திரியாக எழுதியது என்றார். அந்த அம்மா பதறவில்லை. ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ஆயுத பூஜை நாள். 'பொரி, துண்டு, 200 ரூபாய்' என்றிருந்தது. அந்தப் பூஜையன்று எடுத்த போட்டோ ஒன்றை நான் ஏற்கெனவே தாக்கல் செய்திருந்தேன். மாலை போட்ட கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். இடப்பக்கத்திலிருந்து மூன்றாவது ஆள் அவர், தோளில் புதுத் துண்டு. பின்னால் கிரஷரின் பெயர்ப்பலகை. படத்தின் மூலையில் அதே தேதி. ஆணையர் நோட்டையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

அதைவிடப் பெரிய ஆதாரம் என் பீரோவிலேயே கிடந்தது, நான் கட்டி வைத்த பழைய கோப்பில். மேஸ்திரி அனுப்பிய பதில் நோட்டீஸில், 'மேற்படி நபர் எங்கள் கிரஷரில் துளை போடும் வேலைக்காகப் பெற்ற முன்பணம்' என்று அவருடைய வக்கீலே எழுதிக் கொடுத்திருந்தார். கடனை வசூலிக்க எழுதிய வரி வேலைக்கு அத்தாட்சியாகிவிட்டது. அவர் மேஸ்திரியின் ஆள், எங்கள் ஆள் அல்ல என்று உரிமையாளர் அடுத்த வாதத்துக்குப் போனார். ஒப்பந்தக்காரர் கூட்டி வந்த ஆளாக இருந்தாலும் முதன்மை முதலாளியே பொறுப்பு என்கிறது 12ஆம் பிரிவு. பழைய குவாரிக்காரர்கள் இருவரும், கடைசியாக வேலை கொடுத்தவர்தான் தர வேண்டும் என்றார்கள். இந்த மாதிரி நோயில் பல முதலாளிகளிடம் வேலை பார்த்திருந்தால் எல்லோரும் பங்கிட்டுத் தர வேண்டும் என்கிறது 3ஆம் பிரிவின் 2அ உட்பிரிவு. அதிகம் பேர் எடுத்துப் பார்க்காத உட்பிரிவு அது. ஊர் ஊராகக் குவாரி மாறுகிற கல் தொழிலாளிக்கு அதைவிட உதவுகிற வரி அந்தச் சட்டத்தில் இல்லை.

பீடி குடித்தார், அதனால்தான் நெஞ்சு கெட்டது என்றும் ஒரு வாதம் வைத்தார்கள். பீடிப் புகை இந்தப் புள்ளிகளையும் இந்த முட்டையோட்டையும் உண்டாக்காது என்று மருத்துவர் இரண்டே வாக்கியத்தில் அதை முடித்துவிட்டார்.

என்னை மிகவும் பாதித்தது தண்ணீர் பற்றிய வாதம். துளை போடும் இடத்தில் தண்ணீர் விட்டால் தூசி எழும்பாது. குழாய் கொடுத்திருந்தோம், ஆட்கள்தான் பயன்படுத்தவில்லை, அவர்களுடைய அஜாக்கிரதைக்கு நாங்கள் பொறுப்பல்ல என்றார்கள். கூட வேலை பார்த்த ஒருவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினேன். அவரும் நடுநடுவே இருமினார். ஏன் தண்ணீர் விடவில்லை என்று கேட்டேன்.

"தண்ணி விட்டா சேறாப் போகும், உடம்பெல்லாம் நனையும், நேரம் பிடிக்கும் சார். எங்களுக்கு அடிக்கணக்குக் கூலி. அடி கொறஞ்சா வட்டிக்குக்கூடப் பிடிக்கக் காசு மிஞ்சாது. அதுவும் கோடையில தண்ணி லாரி வந்தாத்தானே குழாயில தண்ணி?"

தொழிலும் உடல்நலமும் பற்றி உலகெங்கும் நடந்த ஆராய்ச்சிகளை வழக்கு முடிந்த பிறகுதான் தேடிப் படித்தேன். லண்டன் அரசு அலுவலர்களிடம் 1967இல் தொடங்கிய ஆய்வில், தூசியோ ரசாயனமோ இல்லாத அலுவலகத்திலேயே மேல் பதவியில் இருப்பவரைவிடக் கீழ்ப் பதவியில் இருப்பவர் மாரடைப்பில் அதிகம் இறந்தது தெரிய வந்தது. தன் வேலையைத் தானே தீர்மானிக்கும் பிடி ஒருவருக்கு எவ்வளவு இருக்கிறது என்பதும் அதற்கு ஒரு காரணம் என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்லின. அந்த ஆய்வுகளை நடத்திய மைக்கேல் மார்மட் தலைமையிலான உலக சுகாதார நிறுவனக் குழு, 2008இல் கொடுத்த அறிக்கையில் நியாயமான வேலை நிபந்தனைகளை உடல்நலத்தின் அடிப்படைகளில் ஒன்றாக வைத்தது. படிக்கும்போது எனக்கு அந்தச் சாட்சியின் குரல்தான் கேட்டது. அடிக்கணக்குக் கூலி குழாயை மூட வைத்தது. இருமல் வந்த பிறகும் முன்பணம் இறந்தவரை அங்கிருந்து விலக விடவில்லை. பதிவேட்டில் பெயர் இல்லாததால் பரிசோதனையும் இல்லை. பாறையில் தூசி இருக்கும், அது இயற்கை. அதை அவர் நெஞ்சுக்குள் பத்தொன்பது வருஷம் அனுப்பியது வேலை கொடுத்த முறை.

தொழிலாளியின் உடல்நலம் அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையில் அடங்கும் என்று ஆஸ்பெஸ்டாஸ் வழக்கில் 1995 ஜனவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைத்தான் என் வாதத்தின் கடைசியில் வைத்தேன்.

ஆணையர் மனுவை அனுமதித்தார். நோட்டின்படி மாதக் கூலி 9,000 ரூபாய்க்கு மேல் வந்தது. ஆனால் 2010 மே மாதம் உயர்த்திய உச்சவரம்பு 8,000தான். அதில் பாதி 4,000. நாற்பத்தைந்து வயதுக்குரிய காரணி 169.44. பெருக்கினால் 6,77,760 ரூபாய். அடக்கச் செலவுக்கு 5,000. பன்னிரண்டு சதவீத வட்டி. பாதியைக் கிரஷரும் மீதியை இரண்டு குவாரிகளும் தர வேண்டும். கிரஷர்காரர் மதுரை அமர்வுக்கு மேல்முறையீடு போனார். தொகையைக் கட்டினால்தான் மேல்முறையீட்டை எடுப்பார்கள் என்பதால் பணம் முதலிலேயே வந்து சேர்ந்தது. மேல்முறையீடு தள்ளுபடியானது.

பணம் கைக்கு வந்த அன்று அந்த அம்மா பதினொரு நோட்டையும் திருப்பித் தரும்படி கேட்டார். சான்றாவணங்களைத் திரும்பப் பெற மனுப் போட்டு வாங்கிக் கொடுத்தேன். அடுத்த மாதமே அந்தச் சாட்சி என் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். இந்த முறை நான் முதலில் கேட்டது, "என்ன வேலை, எத்தனை வருஷம்?" அவர் மனு தனிக் கதை.

இப்போது 1923ஆம் ஆண்டுச் சட்டம் 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. சிலிக்கோசிஸ் அங்கேயும் இருக்கிறது. பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு, தொழிலாளிக்கு நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்கிறது. அந்தக் கடிதம் குளத்தூர் வட்டத்தின் ஒவ்வொரு குவாரி ஆளின் கையிலும் வந்து சேரும் நாள் வரட்டும்.

அதுவரை இரண்டு பேரிடம் ஒரு வேண்டுகோள். 1700இலேயே இத்தாலிய மருத்துவர் ரமாசினி, நோயாளியிடம் தொழிலைக் கேளுங்கள் என்று சக மருத்துவர்களுக்கு எழுதி வைத்தார். நம் ஊர் மருத்துவர்களே, ஓ.பி. சீட்டில் அதற்கு ஒரு வரி ஒதுக்குங்கள். கல்லிலும் கிரஷரிலும் வேலை செய்பவர்களே, அவர்கள் வீட்டுப் பெண்களே, பத்து இருபது ரூபாய்க்கு ஒரு நோட்டு வாங்குங்கள். யாரிடம் வேலை, எவ்வளவு கூலி, எவ்வளவு பிடித்தம் என்று சனிக்கிழமைதோறும் எழுதுங்கள். மறக்காமல் தேதி போடுங்கள்.