கதைப் புத்தகத்துக்கு ஒரு கைடு

'கைடு' என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் கோனார் நோட்ஸ். இங்கே வந்த பிறகு, பரீட்சைக்கு முந்தின ராத்திரி அறை அறையாகச் சுற்றும் அட்டை கிழிந்த கைடு. மார்க் வாங்கித் தரும் வரைக்கும் அது தெய்வம். கடைசிப் பரீட்சை முடிந்த அன்றைக்கே எடைக்குப் போய்விடும்!

நான் சொல்ல வந்தது வேறு வகைக் கைடு. எந்தப் பரீட்சைக்கும் உதவாதது. ஒரு கதைப் புத்தகத்துக்காக எழுதப்பட்டது. இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக இப்படிப்பட்ட புத்தகங்களைத் தேடித் தேடிச் சேர்த்து வருகிறேன் என்றால், "கதைக்குப் போய் கைடா? எதுல பாஸ் பண்ணப் போறீங்க சார்?" என்று சிரிப்பீர்கள். என் மனைவியே சிரிக்கிறாள், உங்களைச் சொல்லி என்ன பயன்!

மாணவர் பேரவை மலருக்கு முன்னாள் மாணவன் என்ற முறையில் ஒரு கட்டுரை கேட்டார்கள். வேலை வாய்ப்பைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் இதை எழுதுகிறேன்.

1995-ல் சிவில் டிப்ளமோவில் சேர்ந்தேன். பத்தாவது வரை தமிழ் மீடியம். இங்கே புத்தகம் எல்லாம் இங்கிலீஷ். முதல் மாதம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. "ஏதாவது இங்கிலீஷ் கதைப் புத்தகம் படிடா, தானா வரும்" என்றார் சித்தப்பா. லீவுக்குச் சென்னை போனபோது திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் ரோடு பிளாட்பாரத்தில் கடை கடையாகப் பார்த்தேன். எடுத்தது ஒரு தடிமனான புத்தகம். ஆயிரம் பக்கத்துக்கு மேல். விலை நாற்பது ரூபாய். பக்கக் கணக்கில் பார்த்தால் இதைவிட மலிவு கிடையாது என்று வாங்கினேன்!

அதுதான் ஜே.ஆர்.ஆர். டோல்கீன் எழுதிய 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்'. 1954, 1955-ல் மூன்று பாகமாக லண்டனில் வெளிவந்த கதை. இன்று சினிமா மூலம் உங்களுக்கெல்லாம் தெரியும். ஆனால் அந்தப் பட வரிசையில் முதல் படம் வந்ததே 2001-ல்தான். 1995-ல் எங்கள் ஹாஸ்டலில் அந்தப் பெயரைக் கேட்டவன் ஒருத்தனும் இல்லை.

டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். சொற்கள் பிடிபட்டன. பெயர்கள்தான் பிடிபடவில்லை. அரகார்ன் என்று ஒருவன். அவனே ஸ்ட்ரைடர். அவனே எலெஸ்ஸார். அவனே தோரோங்கில். ஒரே ஆளா, நாலு ஆளா? சவுரான் என்றொரு கெட்டவன், சாருமான் என்றொரு கெட்டவன். எழுத்துப் பிழை என்றே ஐம்பது பக்கம் நினைத்துக்கொண்டிருந்தேன்!

வேறு வழியில்லாமல் இருநூறு பக்க லாங் சைஸ் நோட்டு ஒன்று வாங்கினேன். அ, ஆ வரிசையில் ஒவ்வொரு பெயருக்கும் யார், எந்த ஊர், யாருக்கு என்ன உறவு என்று தமிழில் எழுத ஆரம்பித்தேன். ராத்திரி மெஸ் முடிந்ததும் அறையில் கதை சொல்வேன். நாலு பேர், ஆறு பேர் ஆனார்கள். நான் ஊருக்குப் போனாலும் நோட்டு ஹாஸ்டலிலேயே சுற்றும். என் அறை நண்பனுக்குக் கோடு அச்சடித்தது போல வரும். அவன்தான் நோட்டின் நடுவில் டிராயிங் ஷீட்டை மடித்து ஒட்டி வரைபடம் போட்டுத் தந்தான்.

நான் என்னவோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டதாக ஒரு கர்வம். அடுத்த வருஷம் அதே பிளாட்பாரத்தில் அந்தக் கர்வம் போனது. ராபர்ட் ஃபாஸ்டர் என்பவர் எழுதிய 'தி கம்ப்ளீட் கைடு டு மிட்டில் எர்த்' கையில் சிக்கியது. அந்தக் கதை உலகத்தின் ஆள், ஊர், ஆறு, குதிரை, வாள் என்று ஒன்றுவிடாமல் அகர வரிசையில்! நான் செய்துகொண்டிருந்த அதே வேலை! இது 1960-களில் ரசிகர்கள் நடத்திய ஒரு சிறு பத்திரிகையில் சொற்பட்டியலாகத் தொடங்கி, 1971-ல் புத்தகமாகி, 1978-ல் விரிவுபட்டது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

ஆசிரியரே தன் கதைக்குப் பெயர் அகராதி தருவதாக முதல் பாகத்தில் சொல்லியிருந்தாராம். மூன்றாம் பாகம் வந்தபோது அது தயாராகவில்லை. பதிப்பாளர் வருத்தம் தெரிவித்து ஒரு குறிப்புப் போட்டார். ஆக, வாசகனுக்குத் தேவை இருந்தது, வாசகனே எழுதிக்கொண்டான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம்மிடமும் ஆ. சிங்காரவேலு முதலியார் புராணப் பெயர்களையெல்லாம் திரட்டி 'அபிதான சிந்தாமணி' தந்தாரே, 1910-ல்! தனி ஒரு மனிதர் வருஷக்கணக்கில் சேர்த்தது அது.

ஃபாஸ்டரின் புத்தகத்தில் என்னை உறுத்திய விஷயம் ஒன்று. ஒவ்வொரு பெயருக்கும் கடைசியில் எந்தப் பாகம், எந்தப் பக்கம் என்று எண் போட்டிருந்தார். பத்து வரி எழுதினாலும் சரி, ஒரு வரி எழுதினாலும் சரி, பக்க எண் உண்டு. என் நோட்டில் அது கிடையாது. "நமக்கெதுக்கு, நாம என்ன பரீட்சையா எழுதறோம்" என்று விட்டுவிட்டேன். அந்த அலட்சியத்துக்கு ஒருநாள் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

கதையில் 'என்ட்' என்று ஒரு இனம். மரம் போன்ற உருவம், காட்டுக்குக் காவல். அவர்களுடைய பெண்களுக்குக் காடு பிடிக்கவில்லை. தோட்டமும் பயிரும் பிடித்தது. ஆற்றைத் தாண்டிப் போய்த் தோட்டம் போட்டார்கள். பின்னால் போர் வந்து அந்தப் பூமியே பாழானது. ஆண்கள் தேடிப் போனால் ஆளும் இல்லை, தடமும் இல்லை. கிழவர் ட்ரீபியர்ட், சந்திக்கிற சின்னப் பையன்களிடமும் கேட்கிறார்: உங்கள் ஊர்ப் பக்கம் அவர்களைப் பார்த்ததுண்டா? தகவல் கிடைத்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள் என்கிறார். கதை முடியும் வரை தகவல் வரவில்லை. என்ன ஆனார்கள் என்று ஆசிரியர் கதையில் சொல்லவே இல்லை.

எனக்கு அது பொறுக்கவில்லை. கைடு என்றால் பதில் இருக்க வேண்டாமா? "என்ட் பெண்கள்: போரில் எல்லோரும் இறந்துவிட்டனர்" என்று மசியில் எழுதி, கீழே கோடும் போட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அறை நண்பன் நோட்டோடு வந்தான்.

"இது எந்தப் பக்கத்துல இருக்கு?"

"எது?"

"செத்துட்டாங்கன்னு எழுதியிருக்கியே. எந்தப் பக்கம்? காட்டு."

"பக்கமெல்லாம் இல்லடா. அவ்வளவு வருஷம் தேடியும் கிடைக்கலேன்னா என்ன அர்த்தம்? செத்திருப்பாங்க."

அவன் முகம் மாறிப்போனது. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னான். "எங்கப்பா நான் எட்டாவது படிக்கும்போது பம்பாய்க்கு வேலைக்குப் போனாரு. ரெண்டு லெட்டர் வந்துச்சு. அப்புறம் இல்ல. ஊர்ல எல்லாரும் உன்னை மாதிரிதான் சொல்றாங்க. எங்கம்மா இன்னும் பொட்டு வெச்சிருக்காங்க. நீ எப்படிடா எழுதுவே? தெரியலேன்னா தெரியலேன்னு எழுது."

ஒன்றரை வருஷம் ஒரே அறையில் இருந்தும் எனக்கு அது தெரியாது. அப்பா எங்கே என்று கேட்டால் "வெளியூர்ல" என்பான். நானும் விட்டுவிடுவேன்.

அன்றைக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பிளேடை எடுத்து அந்த வரியைச் சுரண்டினேன். தாள் ஓட்டையானதுதான் மிச்சம். ஓட்டைக்குப் பின்னால் ஒரு துண்டு ஒட்டி "தெரியவில்லை" என்று எழுதினேன். அவன் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் டீ குடிக்கக் கூப்பிட்டான்.

அடுத்த வாரம் டிராயிங் ஹாலில் ஒரு சம்பவம். பிளானில் ஓரிடத்தில் அளவு போட விட்டுப்போயிருந்தது. நான் சாமர்த்தியமாக ஸ்கேலை வைத்து அளந்து எண்ணைப் போட்டுவிட்டேன். டிராயிங் சார் பார்த்துவிட்டார். "டிராயிங்குல இல்லாத அளவை ஸ்கேல் வெச்சு எடுக்கக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது? தாள் சுருங்கியிருக்கும், பிரிண்ட் இழுத்திருக்கும். இல்லேன்னா இல்லேன்னு குறிச்சுட்டுப் போட்டவனைக் கேளு. நீ போட்ட எண்ணை நம்பி ஒருத்தன் அஸ்திவாரம் தோண்டுவான்!" என்றார். வகுப்பே சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை. நோட்டில் இருந்த ஓட்டைதான் கண் முன்னால் நின்றது.

அதன்பின் நோட்டை முதலிலிருந்து திரும்ப எழுதினேன். ஒவ்வொரு பெயருக்கும் பக்க எண். ஃபாஸ்டர் தரும் எண்கள் என் புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை; எல்லாவற்றையும் நானே தேடினேன். என் ஊகம் என்றால் பென்சில். கதையில் இருப்பது என்றால் மசி. முடிக்க மூன்றாம் வருஷம் ஆகிவிட்டது. இங்கிலீஷும் அதற்குள் வந்துவிட்டது, சித்தப்பா சொன்ன மாதிரியே.

வேலைக்குப் போன பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். சிவில் மாணவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது கேரன் வின் ஃபான்ஸ்டாட் என்ற அமெரிக்கப் பெண்மணியின் 'தி அட்லஸ் ஆஃப் மிட்டில் எர்த்'. 1981-ல் வந்து, 1991-ல் திருத்தப்பட்டது. அவர் முறையாகப் பயின்ற வரைபடக் கலைஞர். கதையில் ஒருநாளைக்கு எத்தனை தூரம் நடந்தார்கள் என்று கணக்கிட்டு, மலை, ஆறு, கோட்டை, வீட்டின் பிளான் வரை வரைந்திருக்கிறார். கற்பனை உலகத்துக்குத் தட்பவெப்ப வரைபடம் கூட உண்டு! எதை எந்த ஆதாரத்தில் வரைந்தேன் என்ற விளக்கமும் கூடவே தருகிறார். அதே 1981-ல் பார்பரா ஸ்ட்ரேச்சி, நாயகன் ஃப்ரோடோ போன வழியை மட்டும் படிப்படியாக வரைந்து ஒரு புத்தகம் போட்டார். 2005-ல் வேய்ன் ஹாமண்ட், கிறிஸ்டினா ஸ்கல் தம்பதி எழுதியது, நம் உரையாசிரியர்கள் போல வரி வரியாகச் செல்கிறது. டோல்கீனின் மகன் கிறிஸ்டோபர், அப்பாவின் கைப்பிரதிகளை 1983 முதல் 1996 வரை பன்னிரண்டு தொகுதிகளாகப் பதிப்பித்தார். அந்த மகனே, ஃபாஸ்டரின் கைடைத் தான் அடிக்கடி பயன்படுத்துவதாக எழுதியிருக்கிறார். ரசிகனுக்கு இதைவிட என்ன பட்டம் வேண்டும்!

எல்லாப் புத்தகமும் யோக்கியம் என்று சொல்லமாட்டேன். பளபளவென்று படம் போட்டு, மூலக்கதையில் இல்லாததை இருப்பது போல் எழுதிய கைடுகளும் என் அலமாரியில் உண்டு. அவற்றைத் தூக்கிப் போடவில்லை. என் முதல் நோட்டின் அண்ணன் தம்பிகள் ஆயிற்றே!

பல வருஷம் கழித்து டோல்கீனின் கடிதங்களைப் படித்தேன். அந்த என்ட் பெண்களைப் பற்றி 1954-ல் ஒரு வாசகிக்கு எழுதியிருக்கிறார். அவர்கள் தோட்டங்களோடு அழிந்திருப்பார்கள் என்றே நினைப்பதாகச் சொல்லிவிட்டு, சிலர் தப்பிக் கிழக்கே போயிருக்கவும் கூடும் என்று அதே கடிதத்தில் இடம் விட்டிருக்கிறார். படைத்தவரே 'நினைக்கிறேன்' என்கிறார். நான் மசியில் எழுதிக் கோடு போட்டேன்!

நண்பன் இன்று வெளிநாட்டில் சைட் இன்ஜினியர். போன வருஷம் வந்திருந்தான். அலமாரியிலிருந்து பழைய நோட்டை அவனே எடுத்து, ஒட்டுப் போட்ட அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தான். "இன்னும் வெச்சிருக்கியா?" என்றான். அம்மாவைப் பற்றிக் கேட்டேன். "நல்லாருக்காங்க. பொட்டோடதான்" என்றான். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

நண்பர்களே, உங்களுக்கும் ஏதோ ஒரு கதை பிடித்திருக்கும். ஒரு நோட்டு வாங்குங்கள். பெயர்களை எழுதுங்கள், வரைபடம் போடுங்கள். பக்க எண் போட மறக்காதீர்கள். தெரியாத இடத்தில் "தெரியவில்லை" என்று எழுதக் கூச்சப்படாதீர்கள். அதை நம்பி யாராவது ஒருவர் காத்திருக்கக்கூடும்.