கருவி யார் கையில்?

வங்கி மென்பொருளுக்கு அடையாளச் சரிபார்ப்பு முறையை முடிவு செய்ய உட்கார்ந்தால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: கருவி யார் கையில் இருக்கிறது?

சொந்த ஸ்மார்ட்போன் என்றால் வழி நேரானது. ஓஆத் 2.0-இன் அங்கீகாரக் குறியீட்டு முறை, கூடவே 2015-இல் வந்த பிகேசிஇ என்ற கூடுதல் பாதுகாப்பு. பாஸ்வேர்டு வங்கியின் பக்கத்தைத் தாண்டாது. வெளிச்செயலிக்குக் கிடைப்பது ஒரே முறை செல்லும் குறியீடு. அதை நடுவில் யார் பிடித்தாலும், கோரிக்கையைத் தொடங்கிய செயலியிடம் உள்ள ரகசியம் இல்லாமல் டோக்கன் வாங்க முடியாது. பாஸ்வேர்டைச் செயலியே கேட்டு வாங்கும் பழைய முறையை 2025 ஜனவரியில் வெளியான ஓஆத் பாதுகாப்பு ஆவணமான ஆர்எஃப்சி 9700 அடியோடு விலக்கிவிட்டது.

பென்னாகரம் தாண்டி ஏரியூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போனால் கணக்கு மாறுகிறது. தமிழக அரசின் மகளிர் உரிமைத்தொகை கணக்கில் ஏறியதும் வங்கி முகவரிடம் போகும் பெண்ணுக்கு, முகவர் கையில் இருக்கும் மெஷின் சொந்தமில்லை. வங்கியில் கொடுத்த நம்பர் திருப்பூரில் வேலை செய்யும் மகனிடம் இருந்தால், ஓடிபி உறுதிசெய்வது மகனைத்தான். ஆகவே ஆதார் கைரேகை. புளி உடைத்துத் தேய்ந்த விரலில் ரேகை எளிதில் பதியாது. வேறு விரலையோ முகத்தையோ காட்ட வழி இருந்தாக வேண்டும்.

ஆபத்து அதற்கடுத்துத்தான் வருகிறது. கைரேகை ஆளைக் காட்டும். எவ்வளவு எடுக்கச் சம்மதித்தார் என்பதைக் காட்டாது. திரை முகவர் பக்கம் திரும்பியிருக்கிறது. அதனால் விரல் வைக்கும் முன்பே தொகையை மெஷின் தமிழில் உரக்கச் சொல்ல வேண்டும். வங்கியிடமிருந்து பதில் வராமல் நின்றுபோனால் "தோல்வி" என்று காட்டக் கூடாது. "நிலை தெரியவில்லை" என்று சொல்லி, அதே பரிவர்த்தனை எண்ணை வைத்து விசாரிக்க வேண்டும். "பதியல, இன்னொரு தடவ வைங்கம்மா" என்று முகவர் சொல்லும் ஒரு வார்த்தையில் பணம் இரண்டு முறை போய்விடக் கூடாது.

ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறைகள் 2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறைத் தேதியாக வைத்தன. டிஜிட்டல் பணப்பரிமாற்றத்துக்குப் பொதுவாகக் குறைந்தது இரண்டு வெவ்வேறு சரிபார்ப்புக் காரணிகள் வேண்டும். அட்டையை நேரில் கொடுக்கும் இடம் தவிர, அவற்றில் ஒன்றாவது அந்தப் பரிவர்த்தனைக்கே உரியதாக இருக்க வேண்டும் என்கின்றன. ஆளும் சம்மதமும் தனித்தனி என்பதே இதன் சாரமாக எனக்குப் படுகிறது.

அதனால் என் வடிவமைப்புத் தாளில் ஒவ்வொரு படிக்கும் இரண்டு கட்டங்கள் உண்டு: யார், எதற்குச் சம்மதித்தார். இரண்டில் ஒன்று காலியாக இருந்தாலும் அந்த முறைக்கு நான் ஒப்புதல் தருவதில்லை.