பாதி நடத்திய பாடம்



போன வாரம் பேரனுக்குக் காது வலி, காய்ச்சல். டாக்டர் அமாக்ஸிசிலின் எழுதிக் கொடுத்தார். இரண்டே நாளில் காய்ச்சல் விட்டது. "இனிமே மருந்து எதுக்குப் பாட்டி?" என்று பாட்டிலைத் தள்ளினான். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். "பாக்டீரியா கெட்டது, கையைக் கழுவுங்கள்" என்றுதான் வகுப்பில் சொன்னேன். அது பாதிப் பாடம்.

பெனிசிலினைத் தருவது ஒரு பூஞ்சை. அதன் மூலக்கூறில் வால் மாதிரி ஒரு பகுதி உண்டு. அந்த வாலை மட்டும் வெட்டினால் மிஞ்சுவது 6-ஏபிஏ. அதில் வேறு வால் ஒட்டினால் ஆம்பிசிலின், அமாக்ஸிசிலின். ரசாயன முறையில் வெட்டுவதென்றால் பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரி வரை குளிர வைக்க வேண்டும். ஆனால் நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவின் பெனிசிலின் அசைலேஸ் என்ற நொதி, தண்ணீரில், உடம்புச் சூட்டிலேயே அதை நறுக்கிவிடும். அந்த நொதியைச் சிறு மணிகளில் பதித்து, திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள்.

நம் ஊருக்கும் இதில் பங்குண்டு. 1980களின் கடைசியில் அரபிந்தோ பார்மா தன் உற்பத்தியைத் தொடங்கியது புதுச்சேரியில்தான். செய்தது இந்த வகைப் பெனிசிலின்கள்தான். பிற்பாடு மூலப்பொருளான பெனிசிலின்-ஜி சீனாவிலிருந்து மலிவாக வந்து குவிய, நாட்டில் அதைத் தயாரித்த ஆலைகள் நின்றுபோயின. 2020இல் கொரோனா வந்தபோதுதான் அடுத்தவர் கையை எதிர்பார்ப்பதன் ஆபத்து உறைத்தது. அரசு ஊக்கத்தொகை அறிவித்தது. 2024இல் காக்கிநாடா பக்கம் பெனிசிலின்-ஜி ஆலை மறுபடி வந்தது.

இப்போது மீதிப் பாடம். பாக்டீரியாக்களிடம் இன்னொரு நொதியும் இருக்கிறது, பீட்டா-லாக்டமேஸ். அது வாலை விட்டுவிட்டு மருந்தின் நடுப்பகுதியையே உடைத்துப்போடும். பிறகு அந்த மருந்து வேலை செய்யாது. வைரஸால் வரும் சளிக்கெல்லாம் கடையில் நாமே கேட்டு வாங்கி விழுங்க விழுங்க, இந்த நொதி உள்ள கிருமிகள்தான் பிழைத்துப் பெருகும். மருந்து செய்ய உதவுவதும் நொதிதான், மருந்தைக் கெடுப்பதும் நொதிதான். எது பெருக வேண்டும் என்பது நம் கையிலும் இருக்கிறது.

ஆகவே, டாக்டர் எழுதாமல் ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். எழுதினால், அவர் சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். மிச்சத்தை அடுத்த வீட்டுக்குக் கொடுக்காதீர்கள்.

பேரன் முகம் சுளித்துக்கொண்டே கடைசி நாள் வரை குடித்துவிட்டான். கையையும் கழுவினான். அந்தப் பாதிப் பாடத்தில் மாற்றமில்லை.

உங்கள் டீச்சர்,
தட்டாஞ்சாவடி