இருபது எண்ணும் வரை

மணிமங்கலத்தில் குளிர் என்று சொல்லத்தக்க ஒன்று உண்டா என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். சென்னை நுங்கம்பாக்கத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 பாகை, அதுவும் 1895 டிசம்பரில் ஒரு நாள், 1905 ஜனவரியில் ஒரு நாள். எங்கள் ஊரில் ஏரிக்காற்று சேர்ந்து ஒன்றிரண்டு பாகை குறையலாம். மார்கழி விடியலில் தலையில் துண்டைச் சுற்றிக்கொள்ளும் அளவுக்கு மேல் இங்கே குளிர் எதையும் செய்வதில்லை. ஆயினும் எங்கள் சிறுவயதில், நவரைப் பட்டத்துக்குச் சேடை ஓட்டும் நாட்களில், வீட்டில் அதிகம் ஒலித்த சொல் 'குளிர்' என்பதே. டிராக்டர் கிளம்பவில்லை, காரணம் குளிர். நேரமாகிவிட்டது, காரணம் குளிர். அந்தச் சொல்லைப் பற்றித்தான் இதை எழுத முனைகிறோம். எழுதுவது அண்ணன் தம்பி இருவர். ஒருவன் சொன்னதை மற்றவன் அடித்துத் திருத்தியிருக்கிறான் என்பதால் நடையில் சில இடங்களில் மேடுபள்ளம் இருக்கலாம், பொறுத்தருள வேண்டும்.

இலக்கிய வாசகர்களுக்கு மணிமங்கலம் என்றால் கல்கி நினைவுக்கு வருவார். நரசிம்மவர்மன் புலிகேசியை எதிர்கொண்ட களங்களில் ஒன்றாகக் கூரம் செப்பேடு இவ்வூரைச் சொல்கிறது. 642-இல் வாதாபி வீழ்வதற்கு முந்தைய போர் அது. எங்களுக்கோ மணிமங்கலம் என்பது பெரிய ஏரியும், அதன் கரைக்குக் கீழே இருந்த மூன்று ஏக்கரும், மாட்டுக் கொட்டகையை ஒட்டிய ஓலைச் சார்ப்பில் நின்ற பழைய மூன்று சிலிண்டர் டிராக்டரும்தான். அப்பா அதை 1988-இல் இரண்டாம் கையாக வாங்கினார். மூன்று ஏக்கருக்கு டிராக்டர் தேவையில்லை. ஊரார் நிலத்தில் வாடகைக்கு ஓட்டித்தான் அது எங்களுக்குச் சோறு போட்டது. ஏரி மதகு திறந்து முறைத்தண்ணீர் வரும் நாளில் விடியுமுன் வயலில் இறங்கியாக வேண்டும். தண்ணீர் யாருக்காகவும் நிற்பதில்லை.

விடியற்காலைச் சடங்கை இப்போது நினைத்தாலும் காதில் அந்த ஓசை எழுகிறது. அப்பா சாவியைத் திருப்புவார். செல்ஃப் மோட்டார் ஒரு முனகலோடு எஞ்சினை ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று சுற்றும். பிறகு மூச்சுவாங்கும் கிழவரைப் போல நின்றுவிடும். ஐந்து நிமிடம் காத்திருந்து மறுபடி. மூன்றாம் முறையும் தோற்றால் அப்பா இறங்கி, ஏர் கிளீனர் குழாயைக் கழற்றுவார். கம்பி முனையில் சுற்றிய துணியை மண்ணெண்ணெயில் நனைத்துக் கொளுத்தி, எஞ்சின் காற்றை உறிஞ்சும் வாயருகே பிடிப்பார். மூத்தவன் மேலே உட்கார்ந்து சாவியைத் திருப்ப வேண்டும். தீயின் நாக்கு உள்ளே வளைந்து செல்லும். கரும்புகை, பிறகு வெண்புகை, பிறகு மூன்று சிலிண்டர்களும் ஒவ்வொன்றாக விழித்துக்கொள்ளும். இதைவிடப் பெரிய வித்தையை நாங்கள் எந்தத் திருவிழாவிலும் கண்டதில்லை.

இதில் வித்தை ஏதுமில்லை என்பதைப் பின்னாளில்தான் அறிந்தோம். டீசல் எஞ்சினில் பொறி வைக்கும் பிளக் கிடையாது. உறிஞ்சிய காற்றைப் பதினேழில் ஒரு பங்காக நசுக்குகிறது பிஸ்டன்; சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சுடுவதைப் போல, நசுக்குண்ட காற்று சுடுகிறது. 20 பாகைக் காற்று ஏட்டுக் கணக்கில் 600 பாகையைத் தாண்டும். அதில் நாஸில் பீய்ச்சும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. ஆனால் ஏட்டுக் கணக்குக்கும் இரும்புக்கும் இடையே தூரம் உண்டு. எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் நசுக்குண்ட காற்றுக்குத் தன் சூட்டைச் சில்லென்ற சிலிண்டர் சுவருக்குக் கொடுத்துவிட நேரம் கிடைக்கிறது. தேய்ந்த ரிங்குகளின் இடுக்கில் காற்றே கசிந்துவிடுகிறது. எனவே 'கிளம்பவில்லை' என்பதற்குக் குளிர் ஒரு காரணம் மட்டுமே. மெலிந்த பாட்டரியும் தேய்ந்த ரிங்கும் சேர்ந்தால் சித்திரை மாதத்திலும் அதே முனகல்தான்.

மெய்யான குளிருள்ள நாடுகளில் இதற்கென்று ஒரு வரலாறே உண்டு. ஜெர்மனியின் மான்ஹைமில் 1921 முதல் செய்யப்பட்ட லான்ஸ் புல்டாக் டிராக்டரின் முகப்பில் ஓர் இரும்புக் குமிழ் இருக்கும். அதை ஊதுவிளக்கால் பல நிமிடங்கள் காய்ச்சிய பிறகே எஞ்சின் உயிர்பெறும். இங்கிலாந்தில் 1950-களின் பிற்பகுதியில் வந்த பெர்குசன் 35-இன் நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின், குளிர்காலையில் கிளம்ப மறுப்பதற்கே பேர்போனது. 1959-இல் பெர்கின்ஸ் கம்பெனியை வாங்கிய மாசி பெர்குசன், அதற்குப் பதிலாகப் பெர்கின்ஸின் மூன்று சிலிண்டர் எஞ்சினை வைத்தது. அந்தக் குடும்பத்து எஞ்சின்கள்தாம் பின்னர் நம் செம்பியத்தில் சிம்சன் தொழிற்சாலையில் வார்க்கப்பட்டு, 1960-இல் தொடங்கிய டாஃபேயின் டிராக்டர்களில் ஏறித் தமிழகத்து வயல்களுக்கு வந்தன. எவனோ ஓர் ஆங்கிலேய விவசாயி பனிக்காலையில் சபித்ததன் பலன் எங்கோ ஒரு நெல்வயலுக்கு வந்து சேர்ந்தது என்று நினைக்க வேடிக்கையாக இருக்கிறது.

நம் மெக்கானிக்குகள் 'ஹீட்டர் பிளக்' என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகை உண்டு. குபோட்டா போன்ற சிறு டிராக்டர்கள் பலவற்றில் சிலிண்டருக்கு மேலே ஒரு சின்ன அறை இருக்கும். எரிதல் அங்கே தொடங்கும். அந்த அறைக்குள் பென்சில் முனை போல் நீட்டிக்கொண்டு, மின்சாரத்தில் செக்கச்சிவக்கக் காய்ந்து நிற்பதே முதல் வகை. அந்த அறை இல்லாமல் பிஸ்டன் தலையிலேயே நேராக டீசல் பீய்ச்சும் எஞ்சின்களில் காற்று வரும் வழியில், மேனிஃபோல்டின் மேல், இரண்டாம் வகை உட்கார்ந்திருக்கும். நாஸில்களிலிருந்து வழிந்து திரும்பும் டீசல் ஒரு சிறு கிண்ணத்தில் சேர்கிறது. சாவியை நடுநிலையில் வைத்தால் ஒரு சுருள்கம்பி காய்ந்து, சூட்டில் விரிந்த குழல் ஒரு குண்டுமணி அளவு அடைப்பானைத் திறக்கிறது. சொட்டும் டீசல் சுருளில் பட்டுப் பற்றி, உள்ளே செல்லும் காற்றைச் சூடாக்குகிறது. அதாவது அப்பா கம்பியும் துணியும் கொண்டு செய்த அதே வேலையை, கைக்கு ஆபத்தில்லாமல், டிராக்டரே செய்துகொள்ளும் ஏற்பாடு. எங்கள் டிராக்டரின் சாவிக்கும் அந்த நடுநிலை இருந்தது. அதில் வைத்தால் ஒன்றும் நடக்காது. "அது சும்மாடா" என்பார் அப்பா.

1996 ஜனவரியில், பொங்கலுக்கு நான்கைந்து நாட்களுக்கு முன், அப்பா மதகடியில் முறைத்தண்ணீருக்குக் காவலிருக்கப் போயிருந்தார். அவர் திரும்புமுன் டிராக்டரைக் கிளப்பிக் கேஜ் வீலோடு வயலடிக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும் என்பது எங்கள் திட்டம். மூத்தவனுக்குப் பதினான்கு, இளையவனுக்கு ஒன்பது. மூத்தவன் அப்பாவைப் போலவே குழாயைக் கழற்றித் துணியைக் கொளுத்திப் பிடித்தான். இளையவன் மேலேறிச் சாவியைத் திருப்பினான். செல்ஃப் முனகியது. ஒரு பிஸ்டன் உச்சிவரை ஏறித் தாண்ட முடியாமல் தடுமாறியது. பயந்துபோன இளையவன் அந்தக் கணத்தில் சாவியை விட்டுவிட்டான். நசுக்குண்ட காற்று பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ள, எஞ்சின் எதிர்த்திசையில் பாதிச் சுற்று உருண்டது. உறிஞ்ச வேண்டிய வாய் ஊதியது.

மூத்தவனின் வலது முன்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அதன் அடையாளம் இன்றும் இருக்கிறது. அதிகம் எழுத விருப்பமில்லை. பதினேழு நாள் மருத்துவமனை. அந்த ஆண்டு நவரை போயிற்று. அப்பா படுக்கையருகே உட்கார்ந்து, பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்: "இந்த வருசம் குளிர் அப்படி." இளையவன் சாவியை விட்டதை யாரிடமும் சொல்லவில்லை. மூத்தவனும் சொல்லவில்லை. எங்களுக்குள்ளேகூட அதைப் பேச ஏழாண்டு ஆயிற்று.

2003 ஜனவரியில் அக்கா வீட்டுக்குச் சென்றோம். அக்காவை உதகைக்கு அப்பால், தலைக்குந்தா பக்கம், கேரட்டும் உருளையும் பயிரிடும் குடும்பத்தில் கொடுத்திருந்தது. அங்கே உறைபனி காலங்களில் புல்வெளி உப்பளம் போல் வெளுத்துக் கிடக்கும். விடிகாலையில் மாமா ஒரு சின்ன டிராக்டரைக் கிளப்பப் போனார். வேடிக்கை பார்க்க நாங்களும் போர்வையோடு போனோம். எங்கள் மனத்தில் இருந்ததெல்லாம் துணியும் மண்ணெண்ணெயும். மாமாவோ சாவியைப் பாதி திருப்பிக் கையை அப்படியே வைத்துக்கொண்டு, "பதினெட்டு, பத்தொன்பது, இருபது" என்று எண்ணி முடித்து, முழுதும் திருப்பினார். ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. சுற்றிலும் பனி வெள்ளை.

"இவ்வளவுதானா மாமா?" என்றான் இளையவன்.

"வேறென்ன மாப்ளே, இதுக்குக் கற்பூரமா காட்டணும்?" என்றார் அவர்.

ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாகச் சார்ப்புக்குப் போனோம். மேனிஃபோல்டின் மேல் இருபதாண்டு எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டினோம். ஹீட்டர் அங்கேயே இருந்தது. அதற்குச் செல்லும் சிறு டீசல் குழாய் மடித்து நசுக்கப்பட்டிருந்தது. ஒயர் வெட்டப்பட்டு, முனையில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

அன்றிரவு சாப்பிட்டு முடிந்ததும் மூத்தவன் கேட்டான். அப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நான்தான் வெட்டச் சொன்னேன்" என்றார். வாங்கிய இரண்டாம் ஆண்டே பாட்டரி மெலிந்துவிட்டதாம். ஹீட்டரைக் காய வைத்தால் செல்ஃபுக்குத் தெம்பில்லை. செல்ஃபுக்குத் தெம்பு வேண்டுமானால் ஹீட்டர் கூடாது. "புது பாட்டரி போடுண்ணான்னுதான் மெக்கானிக் சொன்னான். அக்கா கல்யாணத்துக்குச் சேத்துவெச்ச பணம் மட்டுந்தான் இருந்துச்சு. நம்ம ஊருக்கு எதுக்கு ஹீட்டருன்னு நானே சொல்லிட்டேன்." சற்று நிறுத்தி, "வெட்டுனது தப்பில்லன்னு அவனும் சொன்னான்" என்றார். அதற்குமேல் சொல்லவில்லை. இளையவன் சாவியை விட்ட கதையை அன்றுதான் சொன்னான். அப்பா அவனைப் பார்த்து, "ஒம்போது வயசுடா உனக்கு" என்றார்.

வெட்டியது தப்பா என்பதில் எங்களுக்குள் இன்றும் உடன்பாடு இல்லை. இளையவன் இப்போது ஒரகடத்தில் வாகனத் தொழிற்சாலை ஒன்றில் எஞ்சின் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறான். வெளியே நாற்பது பாகை வெயில் காயும்போது, உள்ளே உறைநிலைக்கு வெகு கீழே குளிர்வித்த அறையில் எஞ்சினை ஓர் இரவு முழுக்க 'ஊற வைத்து' விடியலில் கிளப்பிப் பார்ப்பது அவர்கள் வேலைகளில் ஒன்று. அங்கே கற்றவன் என்ற முறையில் அவன் கட்சி இது: 20 பாகையில் நல்ல பாட்டரியும் நல்ல அமுக்கமும் உள்ள எஞ்சினுக்கு ஹீட்டர் தேவையில்லை, எனவே ஒயர் மேல் குற்றமில்லை. டீசலே மெழுகாக உறையும் லடாக்கில்கூட, இந்தியன் ஆயில் 2019-இல் மைனஸ் 33 பாகை வரை இளகி ஓடும் குளிர்கால டீசலைக் கொண்டுவந்த பிறகு பாதித் தொல்லை தீர்ந்ததே, நம் ஊருக்கு என்ன என்பான். மூத்தவனின் கட்சி சுருக்கமானது. நல்ல பாட்டரி இருந்ததா? நல்ல ரிங் இருந்ததா? இரண்டும் இல்லாதவனுக்குத்தானே ஹீட்டர்? இதைச் சொல்லும்போது அவன் கையைத் தூக்கிக் காட்டுவதில்லை. அது அவனுடைய பெருந்தன்மை என்று இளையவன் இங்கே சேர்க்கச் சொல்கிறான்.

2011-இல் நிலத்தை விற்றோம். சுற்றிலும் மனைக்கற்கள் நட்டாகிவிட்டது. மதகிலிருந்து வரும் கால்வாயே பாதி தூர்ந்துவிட்டது. டிராக்டரை உத்திரமேரூர் பக்கத்து விவசாயி ஒருவர் விலைபேசினார். விற்பதென்று முடிவான மறுநாள் அப்பா யாரிடமும் கேட்காமல் தாம்பரம் சென்று புது பாட்டரி வாங்கிவந்தார். மெக்கானிக்கை வரவழைத்து ஒயரை ஒட்டவைத்தார். நசுங்கிய குழாயை மாற்றச் சொன்னார். விற்கப்போகிற வண்டிக்கு எதற்கு இந்தச் செலவு என்று அம்மா திட்டினாள். அவர் காதில் வாங்கவில்லை.

வாங்குபவர் தை மாதத்து விடியலில் வந்தார். அப்பா ஏறி உட்கார்ந்து சாவியை நடுநிலையில் வைத்தார். "ஒன்னு, ரெண்டு" என்று எண்ணத் தொடங்கினார்.

"எதுக்குப் பெரியவரே இதெல்லாம், நம்ம ஊரு குளிருக்கு?" என்றார் வந்தவர்.

அப்பா எண்ணிக்கையை நிறுத்தவில்லை. பன்னிரண்டு வந்தபோது மூத்தவனைப் பார்த்துத் தலையசைத்தார். அவன் கிட்டே போய் ஹீட்டர் பொருத்தியிருந்த இடத்தருகே கையை வைத்தான்.

"சூடு ஏறுதாடா?"

"ஏறுதுப்பா."

"கைய எடுத்துக்கோ" என்றார். அவன் எடுத்துக்கொண்டான். இருபது வரை எண்ணிவிட்டுச் சாவியைத் திருப்பினார்.