மேல மலையில தேயிலை

ராயப்பன்பட்டியில் நின்று நிமிர்ந்தால் மேகமலை கண்ணுக்கு நேரே. ஆனால் ஏற வேண்டுமென்றால் சின்னமனூர் போய்த்தான் பஸ் பிடிக்கணும். கீழே பன்னீர் திராட்சைப் பந்தல். மேலே ஹைவேவிஸில் குளிரும் பனியும், அணைத் தண்ணீரைச் சுற்றிக் கத்தரித்துவிட்ட தேயிலையும்.

படம் எடுக்க வருகிறவர்கள் அந்தப் பச்சையை மட்டும் எடுக்கிறார்கள். எனக்குக் கண் போவது கொழுந்து எடுக்கும் அக்காமார்களிடம். செடி ஈரம் சேலையை நனைக்காமலிருக்க இடுப்பில் பிளாஸ்டிக் தாள், அட்டைக்குக் காலில் உப்பும் புகையிலையும். சாயங்காலம் எடைபோடும் இடத்தில் முள் நிற்கும்வரை கண்ணெடுக்காமல் பார்ப்பார்கள்.

2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. ரொம்ப நல்ல விஷயம், காடு இருந்தால்தான் நம்ம சண்முகா நதிக்கும் தண்ணீர். அதே மலையில் தலைமுறையாக உழைக்கிறவர்களுக்கு நல்ல ரோடும், ராத்திரி பிரசவ வலி வந்தால் பக்கத்திலேயே ஒரு டாக்டரும் வேணும். அதையும் சேர்த்தே கேட்போம்.